தூசி புகாத வண்டி

தெரேசு, சவரி, உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். சவரிக்கு இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். தெரேசு வாசித்துக் காட்டட்டும்.

போன வாரம், வேன் கதவில் அடிப்பதற்காக நான் வெட்டி வைத்திருந்த சைக்கிள் டியூப் பட்டைகளைக் காணோம். கொட்டகையில் தேடினேன், பரணில் தேடினேன். "எலி இழுத்துக்கிட்டுப் போயிருக்கும்" என்றாள் உங்கள் அம்மா. எலி பட்டையோடு ஆணி டப்பாவையும் சேர்த்து எடுத்துப் போகாது. யார் எடுத்தது என்று எனக்குத் தெரியும். எதற்கு எடுத்தது என்றும் தெரியும். பட்டை இல்லாவிட்டால் கதவை அடைக்க முடியாது. கதவை அடைக்காவிட்டால் அமலி அக்காளைக் கோட்டைப்பட்டினத்துக்குத் திரும்பக் கொண்டுபோக முடியாது. அப்படித்தானே நினைத்தாய், தெரேசு?

திட்டுவதற்காக எழுதவில்லை. அக்காளை ஏன் அந்த ஊரில் விட்டீர்கள் என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் "அப்புறம் சொல்றேன்" என்றே ஒப்பேற்றி வந்தேன். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே எழுந்து கொட்டகைக்குப் போய்விடுகிறேன். ஆகையால் அந்த முதல் பயணத்தை எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஆவூர் மண் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கோவிலுக்குப் போனால் பூசை முடிந்து வரும்போது அது காவி வேட்டி. மாசி மாதம் காற்றுக் கிளம்பிவிட்டால் சாப்பாட்டில்கூடப் பல்லில் நறநறக்கும். நமக்கு அது பழகிவிட்டது. அமலிக்குப் பழகவில்லை. நாலு வயதிலேயே மூச்சிழுப்பு வந்துவிட்டது. பத்து வயதாகும்போது, மாசியும் பங்குனியும் அவள் படுத்துத் தூங்கி நான் பார்த்ததில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். நெஞ்சுக்குள்ளே யாரோ ஊதல் ஊதுகிற மாதிரி சத்தம் வரும்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் மாத்திரை கொடுத்தார், ஊசி போட்டார். கடைசியில் ஒரு நாள், "புள்ளைக்குத் தூசி ஆகல. கடல்காத்துல கொஞ்ச நாள் வச்சுப் பாருங்க" என்றார். சொல்லிவிட்டார், போவது எப்படி? பஸ்ஸில் ஏற்றினால் புதுக்கோட்டை போய்ச் சேர்வதற்குள்ளேயே அவள் உதடு நீலம் பாரித்துவிடும். அதைவிடத் தூரம் பஸ்ஸில் கொண்டுபோக எனக்குத் தைரியம் இல்லை.

நான் வேலை பார்க்கிற எண்ணெய் மில்லில் ஒரு பழைய வேன் நின்றது. உலகச் சண்டை முடிந்தபிறகு ஏலத்தில் விட்ட பட்டாளத்து ஆம்புலன்ஸ். முதலாளி அதை வாங்கிக் கடலை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். கடலை சீசன் முடிந்துவிட்டதால் வண்டி சும்மா கிடந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டேன். "கொண்டு போப்பா. ஆனா டயரு வெடிச்சா என்னயத் தேடாத" என்றார். அவருக்கு அந்த மனசு வந்ததை நீங்கள் மறக்கக் கூடாது.

வண்டிக்குள்ளே இரண்டு பக்கமும் நீளப் பலகை. சண்டைக் காலத்தில் காயம்பட்ட சிப்பாய்களைப் படுக்க வைத்த பலகை. ஒன்றில் அமலி, ஒன்றில் அம்மா, நடுவில் அரிசிப்பானை, அடுப்பு, தண்ணீர்க் குடம். வீடு போலவே ஆகிவிடும். தூசிதான் பாக்கி.

முதலில் கடலைத்தொலி தூசியெல்லாம் போகக் கழுவினேன். தரைப் பலகை இடுக்குகளில் தாரைக் காய்ச்சி ஊற்றினேன். அந்த நாற்றம் போகவே பல நாள் வெயிலில் திறந்து போட வேண்டியிருந்தது. ஜன்னல் விளிம்புகளில் புளியங்கொட்டைப் பசை காய்ச்சிக் காடாத்துணியை ஒட்டினேன். பின்கதவு இரண்டும் சேருகிற இடத்தில்தான் சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி ஆணி அடித்தேன். பிறகு என் கல்யாண வேட்டியை எடுத்துப் பலகை மேல் விரித்து, குன்றாண்டார்கோவில் வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். கதவைத் திறந்து பார்த்தால் வேட்டி சிவந்து கிடந்தது. மறுபடி பட்டை அடித்தேன், மறுபடி ஓட்டினேன். குன்றாண்டார்கோவில் டீக்கடையில், "என்ன டிரைவரே, வேட்டியக் காத்து வாங்கக் கூட்டியாறீங்களா?" என்று கேலி செய்தார்கள். வேட்டி கொஞ்சமாகச் சிவக்கிற அளவுக்கு வந்ததும், இனி ஆண்டவர் விட்ட வழி என்று கடலோரக் கோட்டைப்பட்டினத்துக்குப் புறப்பட்டோம். உங்கள் இருவரையும் அத்தை வீட்டில் விட்டோம். சவரி, நீ அப்போது கைப்பிள்ளை.

எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி. அமலி அதில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் தண்ணீர் வேண்டும், இரண்டு தட்டு என்றால் நிறுத்துங்கள், மூன்று தட்டு என்றால் நல்லா இருக்கேன். கீரனூர் தாண்டுவதற்குள் எத்தனையோ தடவை மூன்று தட்டுத் தட்டிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் நானும் ஹாரனைத் தொட்டுப் பதில் கொடுத்தேன்.

புதுக்கோட்டை தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். பின்கதவைத் திறந்தால், கதவுப்பக்கமாக இருந்த குடத்தின் மேல் சிவப்பாகப் பொடி. இத்தனை அடைத்தும் எங்கே இருந்து வந்தது? நான் குனிந்து இடுக்குத் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு லாரி டிரைவர், டம்ளரைக் கையில் வைத்தபடியே வந்தார்.

"என்னண்ணே, மூட்டை கட்டுற மாதிரி கட்டி வச்சிருக்கீங்க? உள்ள என்ன, பணமா?"

"புள்ள இருக்குப்பா. இழுப்பு."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "சுத்தி அடைச்சா தூசி நிக்காதுண்ணே. வண்டி ஓடுறப்ப பின்பக்கம் வெறும் எடமாப் போயி தூசிய உறிஞ்சும். எங்க வண்டியில பின்னாடி ஒக்காந்து வாறவன் மூஞ்சியப் பாருங்களேன், கொரங்கு மாதிரி இருப்பான். முன்பக்கம் ஒரு எடத்தத் தெறந்து காத்த உள்ள விடுங்க. உள்ள காத்து நெறைஞ்சா, அது பின்னாடி வெளிய தள்ளும், தூசி வராது."

"முன்னாடி தெறந்தா அதுல தூசி வராதா?"

"ஈரத்துணி கட்டுங்க. நீங்க எவன் பின்னாடியும் ஓட்டாம முன்னாடி ஓட்டுங்க."

என் இருக்கைக்குப் பின்னால், கூரையின் முன்முனையில், உள்ளே காற்று விட ஒரு மூடி இருந்தது. நான் முதல் வேலையாக அடைத்ததே அதைத்தான். அதைத் திறந்து, அம்மா தன் சேலைத் தலைப்பைக் கிழித்து நனைத்துக் கொடுக்க, கட்டினேன். அறந்தாங்கி போகும்வரை குடத்தின் மேல் ஒரு பொட்டுத் தூசி இல்லை. அமலி மூன்று தட்டுத் தட்டிக்கொண்டே வந்தாள். எனக்குப் பாட்டுப் பாட வேண்டும்போல இருந்தது.

அறந்தாங்கியில் வெயில் தாழட்டும் என்று ஒரு புளியமரத்தடியில் நின்றோம். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இருந்த நாளில் அறந்தாங்கி எங்களுக்கு அயல் சீமை. அங்கே போய் வந்தவன் தஞ்சாவூர் ஜில்லாவுக்கே போய் வந்ததாகப் பீற்றிக்கொள்வான். சோறு பொங்கி, கத்திரிக்காயும் கருவாடும் போட்டுக் குழம்பு வைத்தாள் அம்மா. வண்டியின் பக்கவாட்டில் இருந்த சிலுவை அடையாளத்துக்கு மேலே நான் பூசியிருந்த பெயிண்ட் வெயிலில் உரிந்து சிவப்புத் தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு ஆட்கள் வரிசையாக வந்து நின்றுவிட்டார்கள். ஒருத்தர் கால் புண்ணைக் காட்டுகிறார், ஒரு அம்மாள் பிள்ளையின் வாயைத் திறந்து காட்டுகிறாள்.

"நான் டாக்டர் இல்லீங்க, மில்லு டிரைவர்."

"அப்ப டாக்டரு தூங்குறாரா? எழுந்திரிச்சதும் பாக்கச் சொல்லுங்க, நாங்க இருக்கோம்."

இவர்களை நான் அனுப்பி வைத்துக்கொண்டிருக்கும்போது உள்ளே இருந்து அந்த ஊதல் சத்தம் கேட்டது. வண்டி ஓடவில்லை, காற்று இல்லை, தூசி இல்லை. ஆனாலும் அமலி கையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். மாத்திரையைக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் கலைத்துத் தேடினேன். அவள் தலையணையைத் தூக்கி உதறினேன். உறைக்குள்ளிருந்து ஒரு துணி முடிச்சு விழுந்தது. முடிச்சு இளகி, உறை முழுவதும் சிவப்பாக மண்.

புனிதர் ரத்தம் சிந்திய ஓரியூர்க் கோவிலுக்கு நேர்ச்சைக்குப் போனபோது நாம் அள்ளி வந்த மண். அந்தச் செம்மண்ணை முடிந்து நோயாளி தலைமாட்டில் வைப்பது நம் வழக்கம். உங்கள் அம்மா வைத்திருக்கிறாள்.

"நான் மாசக்கணக்கா ஓட்டை அடைச்சேன். நீ உள்ளேயே மண்ணக் கொண்டாந்து வச்சிருக்கியே!"

"அது மண்ணாங்க? சாமி மண்ணுங்க."

பிள்ளை பிழைக்க வேண்டும் என்றுதான் நானும் அடைத்தேன், பிள்ளை பிழைக்க வேண்டும் என்றுதான் அவளும் வைத்தாள். முடிச்சை இறுக்கிக் கட்டி, டூல் பெட்டியில் ஜாக்கிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். "அங்கிட்டு இருந்தாலும் சாமி பாக்கும்ல?" என்று கேட்டாள் அம்மா. பார்க்கும் என்றேன்.

அறந்தாங்கிக்கு அப்புறம் மண் மாறிவிடுகிறது. சிவப்புக் குறைந்து, சாம்பலாகி, மணமேல்குடி தாண்டினால் வெள்ளை. மரமெல்லாம் பனையும் தென்னையும். காற்றில் உப்பு. கோட்டைப்பட்டினத்துக்குள் நுழைகிற இடத்திலேயே வண்டி மணலில் புதைந்துவிட்டது. எஞ்சினை நான் முறுக்க முறுக்க இன்னும் கீழே இறங்கியது. வலை தோளில் போட்டுக்கொண்டு வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"டிரைவரே, கெணறு வெட்டுறீங்களா? இங்க உப்புத் தண்ணிதான் வரும்!"

அவர்களே பனையோலையை வெட்டி வந்து சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, கூட்டமாகத் தள்ளி ஏற்றிவிட்டார்கள். கைக்கு ஏதாவது கொடுக்கப் போனேன். "புள்ளைக்கு மீனு வாங்கிக் குடுங்க" என்று போய்விட்டார்கள்.

அமலி கடலைப் பார்த்ததைச் சொல்ல வேண்டும். அலை அடிக்கும், பயமாக இருக்கும் என்று நான் சொல்லி வைத்திருந்தேன். அங்கே அலையே இல்லை. நம் கண்மாய் மாதிரி அமைதியாகக் கிடந்தது, அக்கரை மட்டும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். "இம்புட்டுத் தண்ணி இருந்தும் யாருமே நெல்லு போடலயேப்பா" என்றாள்.

கரையோரத் தென்னந்தோப்பில் வண்டியை நிறுத்திக் குடியிருந்தோம். அங்கே எனக்குப் புதுச் சண்டை ஆரம்பமாயிற்று. எங்கே பார்த்தாலும் மணல். வண்டி வாசலில் தண்ணீர்த் தொட்டி, ஈரச்சாக்கு எல்லாம் வைத்தேன். கால் கழுவாமல் யாரும் ஏறக் கூடாது. அமலி கீழே இறங்கவே கூடாது, பலகையில் உட்கார்ந்துதான் கடலைப் பார்க்க வேண்டும். நான் விளக்குமாறும் கையுமாகவே இருந்தேன். கூட்டக் கூட்ட மணல். அரிசியில் மணல், பாயில் மணல், பைபிள் பக்கத்துக்குள் மணல்.

மரியம்பீவி என்று ஒரு அம்மாள். நீங்கள் அவரைப் பார்த்ததில்லை, ஆனால் அவர் அனுப்புகிற தேங்காய்ப்பால் மிட்டாயைத் தின்றிருக்கிறீர்கள். தோப்புக்குப் பக்கத்தில் வீடு. காலையில் ஆப்பம் சுட்டு விற்பார். வீட்டுக்காரர் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். ஒரே மகன் சிலோனில் கடையில் வேலை. அவரும் சிலுவையைப் பார்த்துவிட்டுத்தான் முதலில் வந்தார், ஆப்பச் சட்டி சுட்ட கையை நீட்டிக்கொண்டு. நான் டாக்டர் இல்லை என்று வழக்கமான பாட்டைப் பாடினேன். அதற்குள் அம்மா நம் மில் கடலை எண்ணெயைத் தடவி, துணி சுற்றிவிட்டாள். மறுநாள் ஓலைப் பெட்டி நிறைய ஆப்பமும், தேங்காய்ப்பாலில் வைத்த மீன் குழம்பும் வந்தது. நம் ஊரில் மீன் என்றால் கண்மாய்க் கெளுத்திதான். அமலி அன்றைக்கு முள்ளைக்கூட விடவில்லை.

நான் மணலைக் கூட்டுவதைப் பார்த்துப் பார்த்து அவருக்குச் சிரிப்பு.

"தம்பி, கடக்கரையில வந்து மண்ணக் கூட்டுறீங்களே, அள்ளி எங்கிட்டுக் கொண்டுபோயிக் கொட்டுவீங்க?"

"புள்ளைக்கு ஆகாதும்மா."

"எது ஆகாது? இது பறக்குற மண்ணா? காலுல ஒட்டும், காஞ்சா உதுந்துரும். ஒங்க ஊரு மண்ணுமாதிரி நெஞ்சுக்குள்ள போயி ஒக்காராது."

நான் நம்பவில்லை. மண் மண்தானே என்று கூட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் நான் பெட்ரோல் வாங்கப் போய்த் திரும்பி வந்தால் வண்டியில் அமலி இல்லை. அம்மா அடுப்போடு இருந்தாள், பார்க்கவில்லை. கரைக்கு ஓடினேன். அங்கே மீன்காரப் பிள்ளைகள் கும்பல். நடுவில் நம் அமலி இடுப்பு வரை மணலில் புதைந்து உட்கார்ந்திருக்கிறாள். தலையெல்லாம் மணல், இமையில்கூட மணல். பிள்ளைகள் அவள் மேல் அள்ளி அள்ளிக் கொட்டுகிறார்கள், அவள் கத்திச் சிரிக்கிறாள்.

பிடுங்கி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தேன். பலகையில் கிடத்தி, நெஞ்சில் காதை வைத்தேன். இதயம் அடிக்கிற சத்தம்தான் கேட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடி வைத்தேன். அதே சத்தம்தான். வேறொன்றும் இல்லை.

"காதை எடுங்கப்பா, கூசுது" என்றாள்.

ஓடிச் சிரித்துக் கத்தி, மணலில் புரண்ட பிள்ளைக்கு மூச்சுப் பளிங்கு மாதிரி போய் வந்துகொண்டிருந்தது. அன்றைக்கே தொட்டித் தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றிவிட்டு, விளக்குமாறை வண்டிக்கு அடியில் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அமலி படுத்துத் தூங்கினாள். மல்லாந்து, கையைக் காலைப் பரப்பிக்கொண்டு, நம் சவரி தூங்குகிற மாதிரி. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் கன்னம் உப்பியது. கறுத்துப் போனாள். மீன்காரப் பிள்ளைகளோடு போட்டி போட்டு நண்டு பிடித்தாள். சரி, குணமாகிவிட்டது என்று முடிவு கட்டினோம். ஒரேயடியாகக் குணமாகிவிட்டது என்றுதான் நினைத்தோம். மரியம்பீவி ஒரு பெட்டி கருவாடு கட்டிக்கொடுத்தார். கட்டிய கயிற்றை அவிழ்த்து இன்னொரு தடவை கட்டினார். உங்களுக்காகச் சிப்பி பொறுக்கி ஒரு டப்பா நிறைய வைத்துக்கொண்டு அமலி வண்டியில் ஏறினாள். புறப்பட்டோம்.

கண்ணாடியில் மூன்று தட்டு. மணமேல்குடியில் மூன்று தட்டு. அறந்தாங்கியில் நாங்கள் நின்ற புளியமரம் வந்தபோது மூன்று தட்டு. "டாக்டரு எழுந்திரிச்சாச்சா?" என்று அங்கே ஒருவர் ஞாபகமாகக் கேட்டதும் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஈரத்துணியை மாற்றிக் கட்டிக்கொண்டு, பட்டைகளை ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு மேலே போனோம்.

அறந்தாங்கி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு மேடு ஏறும். அந்த மேட்டில்தான் சாலையோரம் சிவக்கத் தொடங்குகிறது. எங்களுக்குச் சற்று முன்னால் நாலைந்து கட்டை வண்டிகள் போயிருந்தன. அவை கிளப்பிய புழுதி அந்தரத்தில் அப்படியே நின்றது. வேறு வழி இல்லை, அதற்குள்ளேதான் ஓட்டினேன். மேடு இறங்கினேன். இன்னொரு மேடு ஏறினேன். அப்போதுதான் தட்டுச் சத்தம் கேட்டு நேரமாகிவிட்டது என்று உறைத்தது. ஹாரனை நான் தொட்டேன். பதில் இல்லை. மறுபடி தொட்டேன்.

அதற்குப் பதிலாக அம்மா கையால் கண்ணாடியை அடித்தாள். அது கணக்கில் வருகிற தட்டு இல்லை.

நிறுத்தி ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அமலி பலகை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தோளைத் தூக்கித் தூக்கி மூச்சை இழுத்தாள். உதடு நீலம். குடத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன், துளித் தூசி இல்லை. வேலை சுத்தம். ஆனால் முன்னால் கட்டியிருந்த துணி சிவந்து போயிருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ அதையும் தாண்டி உள்ளே போயிருக்கிறது. அதை நான் எதைக் கொண்டு அடைப்பேன்?

மாத்திரை கொடுத்தோம். முதுகைத் தடவினோம். சாலையோரத்தில் நான் உட்கார்ந்துவிட்டேன். இந்த வண்டிக்குள்ளேயே இப்படி என்றால், வீட்டில் வைத்து எப்படி? நம் வீட்டுச் சுவர் அந்த மண், தரை அந்த மண், வயல் அந்த மண், அவள் நடந்து போகிற பள்ளிக்கூடப் பாதை அந்த மண். வண்டிக்குப் பட்டை அடிக்கலாம், ஊருக்கு எப்படி அடிப்பது?

அம்மாதான் வீட்டுக்குப் போகவேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தவள். கைப்பிள்ளையை விட்டு வந்தவள். தெரேசுக்குத் தலைவாரிவிட ஆள் இருக்கிறதோ இல்லையோ என்று தினமும் புலம்பியவள். அவள்தான் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"திருப்புங்க."

"எங்கிட்டு?"

"எங்கிட்டுன்னா? புள்ள மூச்சு விடுற ஊருக்கு."

திருப்பினேன். மேட்டைத் தாண்டி, அறந்தாங்கியைத் தாண்டி, மண் வெளுத்த பிறகு, ரொம்ப மெதுவாக ஒரு தட்டுக் கேட்டது. தண்ணீர் கேட்டாள்.

மரியம்பீவி எங்களைப் பார்த்ததும் என்ன ஏது என்று கேட்கவில்லை. அமலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். பிறகு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க போறப்பவே சொல்லணும்னு நெனச்சேன். பெத்தவகிட்ட எப்படி அந்த வார்த்தையச் சொல்றது? எங்கூட இருக்கட்டும் தங்கச்சி. ரெண்டு தெரு தள்ளித்தான் ஸ்கூலு. ஞாயித்துக்கெழமை ஒங்க கோயிலுக்கு மீன்காரப் புள்ளைகளோட போகட்டும், அங்கிட்டு ஓலக்கொட்டாயில செலுவ வச்சிருக்காங்க. நான் தடுக்க மாட்டேன்."

"சோறு எறங்குமாக்கா எனக்கு?" என்றாள் அம்மா.

"எம்மவன் சிலோனு போன அன்னிக்கு நானும் இதையேதான் கேட்டேன். எறங்கும். அதுதான் பெரிய கொடும."

மறுநாள் புறப்படும் முன் அம்மா டூல் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். அந்தச் சாமி மண் முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மகளிடம் கொடுக்கவும் முடியவில்லை, திரும்பக் கொண்டுபோகவும் மனசு இல்லை. மரியம்பீவி உள்ளே போய் ஊறுகாய் ஜாடி ஒன்றைக் கழுவித் துடைத்து எடுத்து வந்தார். முடிச்சை அதற்குள் போட்டு, மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றினார். "ஒங்க சாமியும் இருக்கட்டும், புள்ள மூச்சும் இருக்கட்டும்" என்று அதை உத்தரத்தின் மேல் ஏற்றி வைத்தார். நான் ஒரு வேன் முழுக்க அடைத்ததைவிட அந்த ஜாடி நன்றாக அடைத்திருந்தது.

அமலி அழவில்லை. நாங்கள் வண்டியில் ஏறியபோது ஓடி வந்து, வெளியே இருந்து முன்கண்ணாடியில் மூன்று தட்டுத் தட்டினாள்.

அறந்தாங்கியில் வண்டியை நிறுத்தி, வழக்கம் போலத் துணியை நனைக்கப் போனேன். "எதுக்கு?" என்றாள் அம்மா. உண்மைதான், எதுக்கு? அவளே இறங்கிப் போய்ப் பின்கதவு இரண்டையும் திறந்து மடித்துக் கட்டிவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மேட்டில் ஏறினோம். புழுதி தாராளமாக உள்ளே வந்தது. அமலி படுத்திருந்த பலகையின் மேல், வெற்றுப் பாயின் மேல், அவள் உங்களுக்காகக் கொடுத்தனுப்பிய சிப்பி டப்பாவின் மேல் எல்லாம் சிவப்பாகப் படிந்துகொண்டே வந்தது. அத்தை வீட்டு வாசலில், தெரேசு, நீ ஓடி வந்து வண்டிக்குள் ஏறிப் பார்த்துவிட்டு, "அக்கா எங்க?" என்று கேட்டாய். அதற்கு நான் சொல்லாமல் விட்ட பதில்தான் இதுவரைக்கும் எழுதியது.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஐப்பசி மழை நன்றாக விழுந்து, நம் மண் நனைந்து படிந்துவிட்டால், பட்டை அடித்த வண்டியில் அக்கா வருவாள். மழைக்காலம் முழுவதும் நம்மோடு இருப்பாள். மண் காய ஆரம்பித்தால் போய்விடுவாள். ஊரில் எல்லோரும் நெல்லுக்காக மழையைப் பார்க்கும்போது நம் வீட்டில் மட்டும் ஆளுக்காகப் பார்க்கிறோம்.

இந்த வருஷம் மழை சீக்கிரமே விட்டுவிட்டது. பட்டையும் காணாமல் போனது. வேறு டியூப் வாங்கி வரலாம்தான். ஆனால் எனக்கும் கை எழவில்லை. இன்னும் ரெண்டு நாள், இன்னும் ரெண்டு நாள் என்று நானும் தள்ளிப் போட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் தெருவில் ஆட்டு மந்தை போனது. வாசலில் சோழி ஆடிக்கொண்டிருந்த அக்கா திடீரென்று சோழியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். அந்த ஊதல் சத்தத்தை வெகுநாளைக்குப் பிறகு நீ கேட்டாய், தெரேசு. யாரும் உன்னை ஒன்றும் சொல்லவில்லை. நீயே எழுந்து வைக்கோல் போருக்குப் போனாய். தோள்வரை கையை விட்டு, பட்டைகளை ஒவ்வொன்றாக உருவினாய். பாவாடையில் துடைத்துத் துடைத்து, ஆணி டப்பாவோடு கொண்டுவந்து என் முன்னால் வைத்தாய்.

இன்றைக்குக் காலையில் கதவில் அடித்துவிட்டேன். நீதான் ஆணி எடுத்துக் கொடுத்தாய்.